ஏவல் ஒருமை

நகுலேஸ்வரன் தன் கடைசி நாட்களில் தமிழைக் கைவிட்டார். முப்பது வருடமாகப் பேசிய இத்தாலிய மொழியையும் கைவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரின் வாயிலிருந்து ஒரே சொல்தான் வந்தது.

“ஹௌ அப்.”

மனைவி குகனேஸ்வரி அதைத் தன் போக்கில் விளங்கிக்கொண்டாள். “தேப்பனைக் கூப்பிடுறார். அப்பா எண்டு சொல்லப் பாக்கிறார், முழுக்க வருதில்லை,” என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

மகள் கேசிகாவுக்கு அது என்னவென்று தெரியும். அவள் பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் மொழியியலில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவர் சொன்னது ஜேர்மன். தெருவில் கண்ட வேண்டாதவனைக் கலைக்கிற சொல். போய்த் தொலை. என் கண்ணுக்கு முன்னால் நில்லாதே.

அப்பா ஜேர்மன் பேசி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நாட்டில் இருந்ததாகவும் அவர் சொன்னதில்லை. கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து “எங்கையெங்கையோ”, பிறகு பலெர்மோ. அவர் சொன்ன பயணக்கதை அவ்வளவுதான். ஜேர்மன் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, “உனக்கு வேறை பாஷை கிடைக்கேல்லையோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் வீட்டில் உரக்க வாசித்தால் மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

இப்போது அதே மொழியில், அவள் இருந்த பக்கம் பார்த்து, புறங்கையால் காற்றைத் தள்ளித் தள்ளி, போ என்கிறார்.

அவள் கிட்டப் போனாலே அவருக்கு மூச்சு ஏறியது. “கொஞ்சம் வெளியிலை நில் பிள்ளை. உன்னைக் கண்டா அந்தரப்படுறார்,” என்றாள் தாய். கேசிகா வெளியே போனாள். விறாந்தையில் கோப்பி மெஷினுக்கு முன்னால் நின்றபோது தாதி வந்து தோளைத் தொட்டாள். அவள் உள்ளே ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர்கள் வீடு பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், ஒடுங்கிய தெருவொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது. அந்த வீட்டில் வெட்டுப்பலகை இருந்ததே இல்லை. குகனேஸ்வரி பயற்றங்காயைக் கத்தரிக்கோலால் நறுக்குவாள். வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்துக் கீறுவாள். இறைச்சி கடையிலேயே துண்டாகி வரும். அதை வாங்கப் போவதும் அவள்தான். இறைச்சிக் கடைகள் இருக்கிற சந்தைத் தெருவுக்குள் நகுலேஸ்வரன் கால் வைக்கமாட்டார், சுற்றித்தான் போவார். மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவினார். சமையலுக்கு வா, காய் வெட்டப் பழக்குகிறோம் என்று எத்தனையோ தடவை கேட்டும் அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அப்பாமாருக்கு ஒரு பிடிவாதம் இருக்கும், எங்கள் வீட்டில் இது என்றுதான் கேசிகா நினைத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்த பிறகு அவள் மறுபடி ஆய்வேட்டைத் திறந்தாள். வெட்டுதலையும் அடித்தலையும் குறிக்கும் ஜேர்மானிய வினைகளைப் பற்றிய ஆய்வு அது. அப்பா நோயில் விழுவதற்கு முன்பே தொடங்கிய அத்தியாயம் ‘ஹௌவன்’ என்ற ஒரு வினைக்கானது. கோடரியை ஓங்கி இறக்குவது, பிளப்பது, பலமாக அடிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். ஆங்கிலத்திலும் ஒல்லாந்திலும் அதற்கு உடன்பிறந்த சொற்கள் இருந்தன. மண்வெட்டியின் பெயர் அதிலிருந்து வந்தது. மாட்டுக்குப் போடும் உலர்ந்த புல்லுக்கு வெட்டப்பட்டது என்ற பொருளில் அதிலிருந்தே ஒரு பெயர் வந்தது. இன்னும் பின்னால் போனால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு இத்தாலியர்கள் சொல்லும் ‘இன்கூதினே’யும் அதே வேரில் போய் முட்டியது. காதுக்குள் ஒலியை வாங்கிக் கடத்தும் ஒரு குட்டி எலும்புக்கும் மருத்துவர்கள் அந்தப் பட்டடையின் பெயரையே வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் அவள் மகிழ்ச்சியோடு சேர்த்தவை. கடைசிப் பகுதியில்தான் கை நின்றுவிட்டது. ‘அப்’ என்ற துண்டு சேர்ந்தால் இந்த வினை வெட்டி அகற்றுவதைக் குறிக்கும். அது பழைய பொருள். ஓடிப்போ என்பது பின்னால் வந்த பேச்சுவழக்கு. வெட்டு எப்படி ஓட்டமாக மாறியது? குதிரையைக் குதிகாலால் அடித்துக் கிளம்பியவர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு ஊகம். வேறு ஊகங்களும் இருந்தன. எதுவும் அவளைத் திருப்திப்படுத்தவில்லை. அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி இருப்பாள், பிறகு கணினியை மூடுவாள்.

அப்படி இருந்த ஒரு மதியத்தில்தான் சத்தம் வந்தது.

பலெர்மோவில் அது கடைகள் எல்லாம் மூடிக் கிடக்கிற நேரம். தெருவில் வெயில் மட்டும் நிற்கும். ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு ஊரே படுத்திருக்கும். குகனேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள்.

டொக்.

கோடரி மரத்தில் இறங்குகிற சத்தம். இறங்கிய இரும்பை முனகலோடு பிடுங்கி எடுப்பதும் கேட்டது. பிறகு மறுபடி, டொக். பக்கத்து வீடு என்று நினைத்தாள். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மேல்வீட்டுச் சிஞ்ஞோரா அந்த நேரம் குறட்டை விடுவாள். கேசிகா எழுந்து நடந்தாள். சத்தம் அவர்களுடைய வாசற்கதவில் இருந்தது.

திறந்தாள். படிக்கட்டு வெறுமையாக இருந்தது. கீழே யாரோ வைத்துவிட்டுப் போன சைக்கிள் மட்டும் நின்றது.

மறுநாளும் வந்தது. இந்த முறை அவள் கதவைத் திறக்கவில்லை. மெல்லப் போய் உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். டொக், டொக் என்று கோடரி இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் கைக்குக் கீழே மரம் அசையவே இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. கையை எடுக்கவும் முடியாமல், சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றாள்.

வைத்தியர் விளக்குப் பிடித்துக் காதைப் பார்த்தார். காது சுத்தமாக இருக்கிறது, துக்கம் இப்படியும் செய்யும், நன்றாகத் தூங்கு என்றார். கேசிகா அன்று பின்னேரம் தாயிடம் கேட்டாள்.

“ஆரோ கதவைக் கொத்திற மாதிரி உங்களுக்குக் கேக்கேல்லையோ அம்மா?”

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த குகனேஸ்வரியின் கை நின்றது.

“எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. உன்ரை அப்பருக்குத்தான் முந்திக் கேக்கிறது.”

“என்னம்மா சொல்லுறியள்?”

“நான் கலியாணம் முடிச்சு இஞ்சை வந்த புதுசிலை சொன்னவர். கதவைக் கொத்துறாங்கள், கோடாலியாலை கொத்துறாங்கள் எண்டு. நானும் எழும்பிப் போய்ப் பாப்பன். ஒருத்தரும் இருக்கமாட்டினம். பிறகு பிறகு சொல்லுறதை விட்டிட்டார். ஆனா நான் பலகையிலை கத்தியை வைச்சா ஆளின்ரை முகம் வெளிறிப் போயிடும். அதோடை நானும் பலகையைத் தூக்கி எறிஞ்சிட்டன்.” அவள் மகளின் முகத்தைக் கையால் தன் பக்கம் திருப்பினாள். “அவரின்ரை காதிலை இருந்தது. இப்ப உன்ரை காதுக்கு வந்திட்டுது.”

“எந்தக் கதவு? எங்கை நடந்தது?”

“எனக்குச் சொல்லேல்லை. அருளையா அண்ணருக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒண்டாத்தானே இஞ்சை வந்தவை. ஆனா அவரும் வாய் திறக்கமாட்டார்.”

அருளையா பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தைப் பராமரிப்பவர். சனிக்கிழமை காலை கேசிகா ரயிலேறிப் போனாள். அவர் எலுமிச்சை மரங்களுக்கு நடுவே, தண்ணீர் வற்றிய தடாகத்தின் பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

“அம்மா சுகமோ?”

“ஓம் மாமா. நான் உங்களிட்டை ஒண்டு கேக்க வந்தனான். அப்பா கடைசியிலை ஜேர்மன் கதைச்சவர்.”

அருளையா விளக்குமாறை மரத்தில் சாத்தினார். “என்ன சொன்னவன்?”

அவள் சொன்னாள். அவர் தடாகத்தின் கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ஜேர்மனியிலை கொஞ்சக் காலம் இருந்தனாங்கள் பிள்ளை. தொண்ணூற்றிரண்டு. கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர். அகதியளை ஒரு ரெண்டு மாடிக் கட்டிடத்திலை போட்டிருந்தவை. ஆவணி மாசம் ஒரு பின்னேரம் சனம் வந்திட்டுது. பெடியள், பெரியாக்கள், பிள்ளையளைத் தோளிலை வைச்சுக்கொண்டு புதினம் பாக்க வந்தவையும் நிண்டவை. கல்லெறிஞ்சாங்கள். கீழை நெருப்பு வைச்சாங்கள். ‘ஹௌட் அப், ஹௌட் அப்’ எண்டு பாட்டுப் பாடுற மாதிரிக் கத்தினாங்கள். அதுதான் அவன்ரை காதிலை நிண்டிருக்கும். அதை விடு, உனக்கேன்?”

கேசிகா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “அப்பா ‘ஹௌட்’ எண்டு சொல்லேல்லை மாமா,” என்றாள். “‘ஹௌ’ எண்டுதான் சொன்னவர். ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான்.”

“அதிலை என்ன கிடக்கு?”

“கன பேரைப் பாத்துச் சொன்னாத்தான் ‘ஹௌட்’. ஒரு ஆளைப் பாத்துச் சொன்னா ‘ஹௌ’. எங்கடை ‘ஓடுங்கோ’வும் ‘ஓடு’வும் மாதிரி. வெளியிலை நிண்டு கட்டிடத்தைப் பாத்துக் கத்தினவங்கள் சொன்ன சொல் இது இல்லை. இது ஆரோ ஒரு ஆள், தனிய ஒரு ஆளுக்குச் சொன்னது.”

அருளையா கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“அப்ப அவன் அதைத்தான் கடைசிவரைக்கும் கொண்டு திரிஞ்சிருக்கிறான்,” என்றார்.

பிறகு சொன்னார். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாமவன் வியட்நாமியன், செக் எல்லைப் பக்கமாகப் புதிதாக வந்தவன். இருபத்திரண்டு வயதிருக்கும். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. சைகையால்தான் எல்லாம். தேநீர் குடிக்கும்போது கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பான்.

அன்று கோடரியோடு சிலர் மேலே ஏறி வந்தார்கள். ஒவ்வொரு கதவாக உடைத்துக்கொண்டு வந்து இவர்களுடைய கதவைக் கொத்தத் தொடங்கினார்கள். நகுலேஸ்வரன் தோளைக் கொடுத்துக் கதவைத் தாங்கினார். அருளையா கட்டிலை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்துப் பிடித்தார். பலகை பிளந்து கோடரியின் வாய் உள்ளே எட்டிப் பார்த்தது. புகை நிரம்பியிருந்தது. பின்பக்க ஜன்னல் திறந்திருந்தது. கீழே நிலக்கரி குவித்த முற்றம். அந்தப் பொடியன் அறை நடுவே நின்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“‘குதி’ எண்டு தமிழிலை கத்தினன். ஆங்கிலத்திலை கத்தினன். அவனுக்கு ஒண்டும் ஏறேல்லை. அப்பத்தான் நகுலன் அதைச் சொன்னவன். கடைக்குப் போனா, பஸ்ஸுக்கு நிண்டா, தெருப்பெடியள் எங்களைத் தனித்தனியாக் கண்டு சொல்லுற சொல். மூண்டு பேருக்கும் பொதுவாத் தெரிஞ்ச ஜேர்மன் அது ஒண்டுதான். கதவிலையிருந்து தோளை எடுக்கேலாது, திரும்பவும் ஏலாது. முகத்தைக் கதவிலை வைச்சுக்கொண்டே பின்னாலை கையை வீசி வீசி, ‘ஹௌ அப்! ஹௌ அப்!’ எண்டான். பொடியன் அவனைப் பாத்த பார்வை இருக்கே... அடிச்ச நாய் பாக்கிற மாதிரி. பிறகு ஜன்னலாலை போயிட்டான்.”

“பிறகு?”

“விழுந்த சத்தம் கேட்டது. ஒரு குழறல். உடனை கன பேர் ஓடுற சத்தம், அந்தப் பக்கமா. கொஞ்சத்தாலை பொலிஸ் வந்திட்டுது, கோடாலிக்காரர் இறங்கி ஓடிட்டாங்கள். நாங்கள் தப்பிட்டம். கீழை போய்ப் பாத்தா முற்றத்திலை ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. விடிய எங்களை பஸ்ஸிலை ஏத்தி வேறை ஊருக்குக் கொண்டு போயிட்டினம். நகுலன் பொலிஸிட்டைக் கேட்டான், பஸ்காரனிட்டைக் கேட்டான். ஆருக்கும் தெரியாது. ‘பேசாமல் நிண்டிருந்தா அவன் தப்பியிருப்பான், நான்தான் கலைச்சு அவங்கடை கையிலை குடுத்திட்டன்’ எண்டு என்னோடை ஒரேயொரு தடவை சொன்னவன். அதோடை அந்த நாட்டிலை இருக்கமாட்டன் எண்டிட்டான். இஞ்சை வந்த பிறகு அதைக் கதைக்கக் கூடாது எண்டு என்னிட்டைச் சத்தியம் வாங்கினவன்.”

ஊரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கேசிகா திரும்பினாள். ரயில் ஜன்னலில் கடல் வந்து வந்து மறைந்தது. ஆஸ்பத்திரியில் அவர் அவளைப் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே யாரோ ஒருவர் நிற்பது தெரிந்திருக்கிறது. அந்த ஆளைத் தப்ப வைக்கத்தான் மூச்சை இழுத்து இழுத்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். அவளும் தப்பிக் கோப்பி மெஷினடிக்குப் போயிருக்கிறாள். எதிரே இருந்த பெண் பார்க்கிறாள் என்று தெரிந்தும் கேசிகாவால் அழுகையை அடக்க முடியவில்லை.

திங்கட்கிழமை மதியம் கோடரி மறுபடி வந்தது. அவள் எழுந்து போய், அப்பா செய்ததைப் போலவே, தோளைக் கதவில் கொடுத்து நின்றாள். கன்னம் பலகையில் பட்டது. ஒவ்வொரு வெட்டும் காதுக்குள்ளேயே இறங்கியது. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள், யாரோ அசையாமல் நின்று அவள் முதுகைப் பார்ப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு போய் அந்த ஊரின் தேவாலயத்துத் தொலைபேசி எண்ணைத் தேடினாள்.

எடுத்தவள் ஒரு பெண் போதகர். கேசிகா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். “அந்த நாளைப் பற்றி இங்கே யாரும் பேச விரும்புவதில்லை. ஆனால் உங்கள் எண்ணைத் தாருங்கள்,” என்றாள் அவள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு ஆணின் குரல். அந்த ஊர்க்காரரின் ஜேர்மன், ஆனால் சொற்களின் முடிவுகள் மெல்ல விழுங்கப்பட்டிருந்தன.

“என் பெயர் துவான். இந்த ஊரில் தையல்கடை வைத்திருக்கிறேன். போதகர் உங்களோடு பேசச் சொன்னார்.”

கேசிகா கட்டிலில் உட்கார்ந்தாள். “நீங்கள் ஜன்னலால் குதித்தவரா?”

“ஆம். இடுப்பு முறிந்தது. ஓடிவந்தவர்களில் ஒரு கிழவரும் அவர் மகளும் இருந்தார்கள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் என்னை இழுத்துக்கொண்டுபோய்த் தங்கள் நிலக்கரி அறைக்குள் ஒளித்துவிட்டார்கள். இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். அந்த மகளைத்தான் கல்யாணம் செய்தேன்.”

அவர் தொடர்ந்தார்.

“உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கோபிக்காதீர்கள். உங்கள் அப்பா என்னை ஏன் விரட்டினார்? அந்தக் கூட்டத்துக்கு யாராவது ஒருவன் தேவை, என்னைக் கொடுத்தால் தாங்கள் இருவரும் தப்பலாம் என்று அவர் நினைத்ததாகத்தான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாயைத் துரத்துவது போல் கையை மட்டும் வீசினார். அந்தச் சொல் வேறு. அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்?”

கேசிகா மெல்ல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோடரி உள்ளே வந்ததையும், தோளை எடுக்க முடியாமல் இருந்ததையும், அவர்கள் மூவருக்கும் வேறு பொதுச்சொல் இல்லாததையும் சொன்னாள். ‘ஓடு, நீ தப்பு’ என்பதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான் என்றாள். அவர் அடுத்த நாள் பொலிஸிடம் கேட்டு அலைந்ததையும், தானே கொன்றுவிட்டதாக நம்பியதையும், சாகும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு தையல் இயந்திரம் ஓடுவது கேட்டது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

“அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தால்...” என்று தொடங்கிய துவான் முடிக்கவில்லை. “அவர் பெயர் என்ன?”

“நகுலேஸ்வரன்.”

அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நாக்குத் தடுக்கியது. அவள் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாந்தரம் சரியாக வந்தது.

“ஒரு படம் அனுப்புவீர்களா?” என்று கேட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கேசிகா எல்லாவற்றையும் தாயிடம் சொன்னாள். குகனேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் அமர்ந்தாள். “உயிரோடை இருக்கிறானோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “இந்த மனுசன் அதைத் தெரியாமலே போயிட்டுதே,” என்று சொல்லி அழுதாள். பிறகு தானே எழுந்து போய், மொண்டெல்லோக் கடற்கரையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் நிற்கிற படத்தைத் தேடி எடுத்தாள். “இதை அனுப்பு. இதிலைதான் ஆள் கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கு.”

பதில் மறுநாள் காலையில் வந்தது.

“படத்தை நெடுநேரம் பார்த்தேன். மனைவியும் பார்த்தாள். உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. ஒரே அறையில் இருந்தும் இந்த முகம் எனக்கு நினைவில் இல்லை. அன்றைக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது ஒரு முதுகும் ஒரு கையும்தான். எத்தனையோ கெட்ட முகங்களை அதற்குப் பொருத்திப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு முகம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கடையில், வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். யார் என்று கேட்கிறார்கள். நான் பெயரைச் சொல்கிறேன்.”